எழுபத்தாறரை சதுரடி

அலுவலகம் கொடுத்த லேசர் கருவி
வெயிலில் தன் சிவப்புப் புள்ளியைத் தொலைத்துவிடும்.
பதினொரு மணிக்கு மேல் கடலூரில்
துணி டேப்தான்.
ஒரு முனை என்னிடம்,
மறுமுனை கலியபெருமாளிடம்.
நடுவில் தொய்ந்தால் வீட்டுக்காரருக்கு நஷ்டம்,
இழுத்துப் பிடித்தால் மாநகராட்சிக்கு.
பன்னிரண்டு வருடமாக நாங்கள்
சுமாராகப் பிடிக்கிறோம்.

மஞ்சக்குப்பத்தில் நான் படியேறினாலே
வீடுகள் சுருங்கிக்கொள்ளும்.
"அது ரூம் இல்ல மேடம், சாமான் போடுற எடம்."
சாமான் போடுகிற இடத்தில்
ஏசி ஓடிக்கொண்டிருந்தது.
கட்டிலில் படுத்திருந்த சாமான்
போர்வையை இழுத்து முகத்தை மூடியது.

மாடிப்படியில் நாயைக் கட்டியிருந்தால்
மேலே ஒரு போர்ஷன் உண்டு.
கொடியில் இரண்டு பள்ளிக்கூடத்துச் சீருடை காய்ந்தால்
அதில் ஒன்று வாடகை.
இதெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித்தரவில்லை.

முதுநகரில் ஒரு பழைய கிட்டங்கி.
வெளியே அளந்தால் முப்பதடி
உள்ளே இருபத்தாறு.
மீதி நாலடி, சுவர்.
யாரும் குடியில்லாத அந்தச் சுண்ணாம்புக்கும்
வரி உண்டு.
உரிமையாளர் சென்னையிலிருந்து போனில்
"சுவத்துக்குள்ள நான் என்னங்க பண்றேன்?" என்றார்.
நியாயமான கேள்வி.
பதில் விதியில் இருந்தது, என்னிடம் இல்லை.

கெடிலக்கரையில்
அஞ்சலாட்சி எங்களை மறித்தது
அந்த மாதத்தில் மூன்றாவது தடவை.
"எனக்கு வரி போடுங்க."

படிவத்தைப் புரட்டினேன்.
குறைக்கச் சொல்லி மனு செய்ய இடம் இருந்தது,
பெயர் மாற்ற, தவணை கேட்க.
இதற்கு ஒரு கட்டம் இல்லை.

"ஆத்துப் புறம்போக்கும்மா" என்றார் கலியபெருமாள்.
"ஆத்துக்கே அது தெரியும்.
வருசா வருசம் வந்து பாத்துட்டுத்தான் போவுது.
ஆபீசு ஒருக்கா வந்தா என்னவாம்?"

துணிக்கடைப் பையில் ஆதார் இருந்தது,
ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம்,
வெள்ள நிவாரணத்துக்குக் கொடுத்த டோக்கன் கூட.
வரி ரசீது மட்டும் இல்லை.
ரசீது வந்தால் மீட்டர் வருமாம்.
பக்கத்து வீட்டு ஒயருக்கு
மாசம் ஐநூறு:
ஒரு பல்பு, ஒரு ஃபேன்,
கோபம் வந்தால் பிடுங்கிவிடுவார்கள்.

நான் சரி என்று சொல்லவில்லை.
அதற்குள் டேப்பின் முனை
அவள் கையில் இருந்தது.
அண்டாவை நகர்த்தினாள், பாயைச் சுருட்டினாள்,
மூலைக்குள் முழங்கையை நுழைத்து
சுவரோடு சுவராக அழுத்திப் பிடித்து
"இன்னும் உள்ள இருக்கு, நல்லா இழுங்க" என்றாள்.
ஒரு வீடு பெரிதாகப் பார்ப்பதை
என் உத்தியோகத்தில் அன்றுதான் கண்டேன்.

எட்டரை. ஒன்பது.
சிமெண்ட் ஷீட். கதவு ஒன்று. ஜன்னல் இல்லை.
"வாசலையும் சேத்துக்குங்க."
"அது வெறும் சாக்குப் படுதா."
"நெழலு விழுதுல்ல?"

எழுதிக்கொண்டேன்.
படிவத்தில் இல்லை,
டைரியின் பின்பக்கத்தில்
மளிகைப் பாக்கிக்குக் கீழே.
எட்டிப் பார்த்தாள்.
படிக்கத் தெரியாது என்று நானாக நினைத்திருந்தேன்.
"பேர்ல ஒரு 'ட்' உட்டுட்டீங்க" என்றாள்.
அடித்துவிட்டுச் சரியாக எழுதினேன்.

சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூரில்
என் வீட்டுப் பூட்டைத் திறந்தேன்.
பதிவேட்டில் இது
'உரிமையாளரின் சொந்த உபயோகம்.'
எழுதியது என் கை.
அந்த வருடம் வீட்டுக்காரர்
அட்வான்சில் ஐயாயிரம் குறைத்துக்கொண்டார்.
அந்தப் பக்கத்தின்படி
இந்த அடுப்பில் யாரும் சமைப்பதில்லை.
பத்தாவது படிக்கும் என் மகன்
வாய்ப்பாடு போல் சத்தமாக ஒப்பிப்பதும்
யாருக்கும் கேட்பதில்லை.

டேப்பைத் துடைத்தேன்.
எட்டரை அடி வரைக்கும் ஆற்றுச் சேறு.
லேசரைச் சார்ஜில் போட்டேன்.
நாளைக்கு வில்வநகர்.
அங்கே நாய்கள் அதிகம்.